மூக்கன்பாறை விழுந்த பங்குனி

செம்மணல் மேடான தேரியில் பாறை ஏறுகிறவர்களுக்குக் கை வழுக்கினால் அவர்கள் விழுவதில்லை. பாறைதான் விழும். ஏறியவர் வழுக்கிய இடத்திலேயே வெறும் காற்றில் நின்றுகொண்டிருப்பார். அதனால் அங்கே கயிற்றைப் பாறையின் உச்சியில் கட்டி, ஏறுகிறவரின் இடுப்பு வளையத்துக்குள் விட்டு, மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கம். பாறை நழுவினால் அவர் இழுத்து நிறுத்துவார்.

நிறுத்துவதற்குள் பாறை ஒரு சாண் மணலுக்குள் இறங்கிவிடும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஓயாமல் வழுக்குவதால் அவர்களுடைய பாறை இப்போது முழங்கால் உயரம்தான் இருக்கிறது. ஓரளவு பழகியவர்களின் பாறை பனைமரத்தில் பாதி. தேர்ந்தவர்கள் ஏறும் மூக்கன்பாறை மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது, சுயம்புக்கனி கைதட்டும் வரைக்கும்.

கயிறு பிடிக்கிறவர் கைதட்டக் கூடாது. சுயம்புக்கனிக்கும் அது தெரியும். ஆனால் வருஷக்கணக்காக எட்டாமலிருந்த பாறையின் மூக்கு நுனியை அவள் கணவன் லிங்கதுரை அன்று தொட்டுவிட்டான். அவள் இரண்டு கையாலும் தட்டினாள். அந்த நேரம் பார்த்து அவன் விரல் வழுக்கியது. பாறை கயிற்றையும் உருவிக்கொண்டு மணலுக்குள் போய்விட்டது. லிங்கதுரை மட்டும் மேலே நின்றான்.

"தொட்டதைப் பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன். அதான் தட்டுனேன்."

பாறை வெளியே வந்தால்தான் அவன் இறங்க முடியும். தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடியது. ஏணி வைத்தார்கள். கால் ஏணியில் பட்டது, உடம்பு இறங்கவில்லை. இனி ஆடிக்காற்று வந்து மணலை அள்ளிப்போனால்தான் உண்டு. அவர்களுக்குத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். அவன் இறங்கும்போது அவள் இருக்கமாட்டாள்.

மறுநாள் லிங்கதுரையின் அக்கா இசக்கியின் மகள் மிதுனாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் இசக்கி பந்தலையே தேரிக்கு மாற்றிவிட்டாள்.

"ஏட்டி சுயம்பு, கைதட்டுறதுக்கு ஒனக்கு வேற நேரமே கெடைக்கலியா?"

"ஆடி வரைக்கும் அவிய எப்படி மதினி நிப்பாவ?"

"நிக்கத்தான செய்யுதான். சோத்த ஏணியில கொண்டுபோய்க் குடு."

லிங்கதுரை காற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆசாரி ஏணியில் ஏறி, மடியிலிருந்த மிதுனாவுக்குக் காது குத்தினார். மிதுனா வீறிட்டு அழுதாள். கன்னத்திலிருந்து ஒரு துளி நழுவியது.

துளி விழவில்லை. அது நழுவிய இடத்திலேயே நின்றது. மிதுனாதான் ஒரு சாண் இறங்கினாள். அடுத்த துளிக்கு அடுத்த சாண். மடியிலிருந்து சரிந்து, ஆசாரியைத் தாண்டி, அழுது அழுது அவள் சுயம்புக்கனியின் கைக்கு வந்துசேர்ந்தாள்.

"கம்மல் திருகாணி சரியா இருக்கான்னு பாரும்மா" என்றார் ஆசாரி மேலிருந்து.

சுயம்புக்கனி திருகாணியைப் பார்த்துவிட்டு அண்ணாந்தாள். "என்னங்க, நீங்களும் அழுங்க."

"எனக்கு அழுகை வராதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

இசக்கி ஏணியில் ஏறி, பல்லாரி வெங்காயத்தை அரிந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் தும்மினான். தும்மலுக்கு உடம்பு இறங்கவில்லை. செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"அவரு நல்லா வாழ்ந்துட்டுத்தானக்கா போனாரு" என்றான் லிங்கதுரை.

பந்தலில் கடைசிப் பந்தியும் முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுயம்புக்கனி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கிடாக்கறி தீந்துட்டு."

மேலிருந்து, "நல்லி எலும்பு?" என்று கேட்டது.

"ஒங்க அத்தான் எடுத்துக்கிட்டாவ."

"எல்லாத்தையுமா?"

"உறிஞ்சிட்டுப் போட்டுட்டாவ."

லிங்கதுரையின் கன்னத்திலிருந்து ஒரு துளி நழுவியது. அவன் இறங்கினான். ஆண்பிள்ளை அழுகை என்பதால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு முழம் இறங்கினான். பாதி வழியில் அழுகை நின்றது.

"ரத்தப்பொரியலாவது இருக்கா?"

"சட்டியக் கழுவிக் கவுத்தாச்சு."

மீதி உயரமும் தீர்ந்தது. அவன் கால் மணலில் பட்டதும் சுயம்புக்கனி முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். நல்லி எலும்பு அதில்தான் இருந்தது. லிங்கதுரை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

துளிகள் காயவில்லை. மறுநாள் காலையிலேயே ஆட்கள் அவற்றைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டார்கள். நெருக்கமாக இருந்த மிதுனாவின் துளிகள் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. முழத்துக்கு ஒன்றாக நின்ற லிங்கதுரையின் துளிகள் தேர்ந்தவர்களுக்கு.

வீட்டில் லிங்கதுரை பழைய சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் ஒரு துளி வந்து விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

சுயம்புக்கனி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"யாருக்கோ கை வழுக்குது" என்றாள். "ஊறுகா வைக்கட்டுமா?"