வலது புருவத்துக்கு மேல்

நீலாயதாட்சி பிளாஸ்திரியை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி மேசை விளிம்பில் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். 1971 தை மாதம். கண்டனூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் கிழவர்களையும் கிழவிகளையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த டாக்டர் ஒவ்வொருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். புரை முற்றிய கண் எதுவோ, அந்தப் புருவத்துக்கு மேல் அவள் ஒரு துண்டை ஒட்ட வேண்டும். மறுநாள் கத்தி எடுக்கும்போது கண் மாறிவிடக் கூடாது. செக்காலை மாதர் சங்கத்திலிருந்து உதவிக்கு வந்த பெண்களில் இந்த வேலை அவளுக்கு வந்தது. நகை வேலை செய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கை நடுங்காது என்றார்கள்.

காலையில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அவள்தான் சொன்னாள். நெற்றியில் பிளாஸ்திரி இருந்தால் ஆபரேஷன். அவர்கள் இன்றே அடுத்த வகுப்பறையில் தங்கிவிட வேண்டும். இல்லாதவர்கள் சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போகலாம். சொன்னபோது அது நல்ல விளக்கமாகத்தான் பட்டது.

தோல் செருப்பின் சத்தம் வந்தது. உடையப்பன், தெற்குத் தெருப் பெரிய வீட்டு வரவுசெலவைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு. வீட்டுக்காரர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். கல்யாணம், காரியம் என்றால்தான் வருவார்கள். அவருக்குப் பின்னால் காளியம்மாள். அந்த வீட்டின் பின்கட்டு அறையில் இருந்துகொண்டு வீட்டைக் கூட்டி, விளக்கேற்றிக் காப்பவள். இடுப்பில் சாவிக்கொத்து. தலை நிமிர்ந்து, கையை எங்கும் நீட்டாமல், நேராக நடந்து வந்தாள். படியில் உடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காளியம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். வெயிலில், ஒரு காலை முன்வைத்தபடி. செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வண்டியிலிருந்து இதுவரை வந்திருக்கிறாள் என்று நீலாயதாட்சிக்குப் புரிந்தது. எழுந்துபோய்த் தோளைத் தொட்டுக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

உடையப்பன் மேசைக்கு வந்தார்.

"பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. தெரியுதா, தெரியலையான்னு."

"டாக்டர் அவுககிட்டத்தான் சொல்லுவாக. வேற ஆளுகிட்டச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் வேற ஆளா? வண்டி கட்டிக் கூட்டியாந்தவன். மத்தியானக் கஞ்சிக்கு அரிசி எந்த வீட்டுலருந்து வந்திருக்குன்னு கேட்டுப் பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "போன வெள்ளிக்கெழம சாமி ரூம்புல வெளக்கு அணைஞ்சு கெடக்கு. இவுக அதைக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறாக. பின்னாடி நான் நிக்கிறதும் தெரியல. மாசியில அங்க கல்யாணம். பந்தல் ஓலை, பட்டுத் துணி, வீடு முச்சூடும் வெளக்கு. ஒரு பொறி விழுந்தா பட்டணத்துல இருக்குற வீட்டு ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதில் பொய் இல்லை. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது.

"உத்தரவு உத்தரவுதான்."

உடையப்பன் மேசை விளிம்பைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சொல்ல வேணாங்க்கா. இந்தத் துண்டு சொல்லிரும். காலையில அரிசி எறக்க வந்தப்பக் கேட்டேன், நீங்கதான சொன்னீக." போய் வாசல் தூணில் சாய்ந்துகொண்டார். வகுப்பறைக்குப் போக அந்தத் தூணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வரிசையில் காளியம்மாளுக்குப் பக்கத்தில் தச்சர் ஆசைத்தம்பி. பேச்சுக்குத் துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"கண்ணு வந்துச்சுன்னா மொதல்ல மருமக கொழம்புல என்னத்தப் போடுறான்னு பாக்கணும் காளியம்மா."

"பாக்காமத் திங்கிறவரைக்கும்தான் ஒனக்குச் சோறு," என்றாள் காளியம்மாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் காதைக் கொடுத்திருந்தாள்.

டாக்டர் வந்தார். வயதானவர்களுக்குக் கண் போவதைப் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். டார்ச்சை எடுக்குமுன் எல்லோரிடமும் ஒரே கேள்வி: ஏன் இத்தனை நாள் வரவில்லை? கூட்டி வர ஆளில்லை என்பார்கள். பயம் என்பார்கள். சாகப்போகிற வயதில் கண் எதற்கு என்பார்கள். நீலாயதாட்சி எழுதிக்கொள்வாள். காளியம்மாளிடமும் கேட்டார். அவள் கை இடுப்புக்குப் போய்ச் சாவிக்கொத்தை மூடிக்கொண்டது. டாக்டர் சற்றுக் காத்திருந்துவிட்டு டார்ச்சை அடித்தார்.

"ரெண்டுலயும் புரை இருக்கு. வலது ரொம்ப முத்திருச்சு. இன்னும் விட்டா உள்ளயே கெட்டு வலி எடுத்துரும், அப்பறம் என்ன செஞ்சாலும் வராது. இப்ப எடுத்தாக் கண்ணாடி போட்டுப் பாக்கலாம்." நீலாயதாட்சியிடம், "வலது," என்று சொல்லிவிட்டு ஆசைத்தம்பியிடம் போனார்.

அவள் ஒரு துண்டைப் பிய்த்து விரல் நுனியில் எடுத்தாள்.

"தாயி," காளியம்மாள் உதடு அசையாமல் பேசினாள். "அதை ஒட்டாம இருக்க ஏலாதா?"

"ஒட்டாட்டி ஆபரேசன் இல்லை பெரியம்மா."

"ஏசெண்டு எங்குட்டு நிக்கிறான்?"

"வாசத் தூணுகிட்ட."

"செருப்புப் போட்டிருக்கானா?"

"இல்லை."

வெறுங்காலோடு அவர் பக்கத்தில் வந்தாலும் காளியம்மாளுக்குத் தெரியாது.

"ஒட்டுன ஒடனே சாவியக் கேப்பான். நான் இங்கன அசையாமப் படுத்துக் கெடக்கணும். அதுக்குள்ள கல்யாணம் வந்துரும். அவன் அக்கா மகன் பொன்னழகு என் ரூம்புல வந்து படுத்துக்குவான். கை மாறுன சாவி திரும்பாது."

"கண்ணு வந்துரும்ல."

"வந்து? எங்க இருந்துக்கிட்டுப் பாக்குறது?"

"ஒங்களுக்குப் பிள்ளைக இல்லையா?"

"ஒக்கூருல மகன் இருக்கான்." சாவிக்கொத்தை விரலால் தடவிக்கொண்டே, "இருக்கான்," என்றாள்.

ஒட்டாமல் அனுப்பிவிடலாம். ஒரு மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்தால் போதும், உடையப்பன் இன்றைக்கு நம்பிவிடுவார். இவள் திரும்பிப் போய் அணைந்த விளக்கைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள். கண் உள்ளேயே கெடும். மாசியில் கையில் தீப்பெட்டியோடு ஓலைப் பந்தலுக்குக் கீழே நடப்பாள். ஒட்டிவிடலாம். டாக்டர் சொன்னார், ஒட்டினேன். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. துண்டின் பசை விரலில் காய்ந்துகொண்டிருந்தது. தூணருகிலிருந்து உடையப்பன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒங்க கண்ணு பெரியம்மா," என்றாள். "நீங்க சொல்றதுதான்."

வெளியே கஞ்சிக்கு அண்டா இறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வெங்காயம் போதாது என்றார்கள். பிறகு காளியம்மாள் கையை நீட்டினாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"குடு."

துண்டை வாங்கினாள். இடது கையால் நெற்றியைத் தடவிப் புருவத்தைக் கண்டுபிடித்தாள்.

"வலதுதான?"

"வலதுதான்."

விபூதிக்கு மேலேயே ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். கோணலாக இருந்தது. நீலாயதாட்சி அதைச் சரிசெய்யவில்லை.

இருவரும் எழுந்தார்கள். காளியம்மாள் இடது கையால் நீலாயதாட்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை சாவிக்கொத்தைப் பற்றியபடி முந்தானைக்குள் இருந்தது. வரிசையில் பேச்சு அடங்கியது. ஓரளவு பார்வை இருந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் தலையைத் திருப்பிக் கேட்டார்கள். உடையப்பன் தூணை விட்டு விலகி வந்தார். வெறுங்காலில் சத்தமே இல்லை. காளியம்மாளுக்கு நேர் எதிரில் நின்று உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

இத்தனை பேர் முன்னால் அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்லுங்க என்பதுபோல் நீலாயதாட்சியைப் பார்த்தார்.

"ஏன் தாயி நின்னுட்ட?" என்றாள் காளியம்மாள்.

நீலாயதாட்சி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அங்க?" ஆசைத்தம்பி பின்னாலிருந்து கேட்டார். "யாரு நிக்கிறது?"

உடையப்பனின் கை நீண்டபடியே இருந்தது. காளியம்மாளின் முகம் அவரைத் தாண்டி முற்றத்து வேப்பமரத்துப் பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளைத் துண்டில் வெயில் பட்டது. முந்தானைக்குள் சாவிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. பிறகு, அவள் கை இறுகியதும், அதுவும் நின்றது.