பதினேழாம் எண்ணின் முன்பற்கள்

மார்ச் 11, செவ்வாய்.
இன்று ஒரு சிறு தவறு. பதினேழாம் எண் பல்செட்டில், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி டாக்டரின் சீட்டில் எழுதியிருந்தது. நான் விடவில்லை. சீட்டைப் படிக்காமல் இல்லை, இருமுறை படித்தேன். அது பழைய பல்லில் இருந்த குறை, புதுப் பல்லுக்கு எதற்கு என்று நானாக நினைத்து, ஒட்டி வைத்துவிட்டேன். சிறு தவறு என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை.

எழுதி முடித்தவள் 'சிறு' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டாள். கோடு சாய்ந்துவிட்டது. மனசு கேட்காமல் ஸ்கேலை எடுத்து, அதற்கும் கீழே நேராக இன்னொன்று போட்டாள்.

வீட்டிலும் வகுப்பிலும் அவளுக்கே ஸ்கேல் என்றுதான் பெயர். பத்தொன்பது வயது. பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். யாராவது கோணலாக எழுதிய தாளை நீட்டினால், கண்ணாடியின் மேல் வைத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, எழுத்து நேராக நின்ற பிறகுதான் மூடியை இறக்குவாள். வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவது அவள் காதில் விழாது.

மாலையில் பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வகுப்பு, ஐந்திலிருந்து எட்டு வரை. முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் இரண்டு வேலையும் உண்டு. ஒரு வாரம் பல்செட் பட்டறை என்றால், மறுவாரம் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கும் பதிவேட்டு அறை. ஆறு மாதம் முடிந்ததும் ஒரு படிவம் தருவார்கள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். இரண்டு வருடப் படிப்பு, பிறகு ஆயுசுக்கும் அந்த வேலை. இந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படிவப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.

பதிவேட்டு அறையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அங்கே இருக்கும்போது கடிகாரம் கண்ணில் படும். பட்டறையில் கடிகாரம் இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியாது. நீளமான மேசையில் வரிசையாக ஸ்பிரிட் விளக்குகள், நீலச் சுடர்கள். ரோஜா நிற மெழுகு இளகும்போது அறை முழுக்க மெல்லிய வாசனை எழும். யாரும் பேசாமல் குனிந்திருக்கும்போது எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றும். நோயாளியின் பெயரோ முகமோ பட்டறைக்கு வராது. எண் மட்டும்தான் வரும். எண்ணோடு பிளாஸ்டர் வார்ப்பில் ஒரு வாய். அந்த வாய்களுக்கு அவள் மனசுக்குள் ஆட்களைப் பொருத்திக்கொள்வாள். ஐந்தாம் எண், பஸ்ஸில் ஏறியதும் தூங்கிப்போகிறவர். பன்னிரண்டாம் எண், சிரிப்பை அடக்கி அடக்கியே வயதானவர். இதை அவள் நாட்குறிப்பில்கூட எழுதியதில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டாள்.

அந்தச் செவ்வாய் மாலை, மாடியிலிருந்து ஆள் வந்து, "பதினேழு பண்ணது யாரு? டாக்டர் வரச் சொன்னாங்க" என்றபோது, பக்கத்து இருக்கையிலிருந்த தோழி முழங்கையால் இடித்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"போடீ, மாலை போடத்தான் கூப்பிடறாங்க."

மெழுகில் பதித்த பல்லை, கெட்டியாக வார்ப்பதற்கு முன் நோயாளியின் வாயில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது வழக்கம். மாடியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் கண்ணாடியுடன் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கும். பஸ் டிப்போவில் வேலை. படியில் விழுந்து மேல்வரிசை முன்பற்கள் ஆறும் போயிருந்தன.

"நீயா பண்ணே?"

"ஆமாங்க்கா."

"நான் ஏதோ மீசை வச்ச ஆளுன்னு நினைச்சுட்டேன்." மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். "நல்லாத்தாம்மா இருக்கு. போஸ்டர்ல சிரிக்கிற பொம்பளை மாதிரி இருக்கேன். அவ யாருன்னுதான் எனக்குத் தெரியல."

பிறகு உதட்டைக் குவித்து ஊதினாள். டாக்டர் பதறி, "மெதுவா, மெழுகும்மா அது!" என்றார். வெறும் காற்றுதான் வந்தது.

"கேட்டியா? டிப்போல நாப்பது பஸ்ஸு. பின்னால என்ன இருக்குன்னு எந்த டிரைவருக்கும் தெரியாது. என் விசில்தான். ஒண்ணு அடிச்சா நில்லு, ரெண்டு அடிச்சா வா. அந்தச் சந்து வழியாத்தான் விசில் வரும். நீ அதை அடைச்சு வச்சிருக்கே."

"மன்னிச்சுக்கங்க்கா. நான்... அழகா இருக்கும்னு..."

"அழகெல்லாம் இருக்கட்டும். பஸ்ஸு பின்னால வரணுமே!"

டாக்டர் சிரித்துவிட்டு, சனிக்கிழமை மறுபடி வைத்துப் பார்க்கலாம் என்றார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று படியிறங்கும்போது நினைத்தாள்.

புதன்கிழமை மெழுகை இளக்கி, இரண்டு பற்களையும் விலக்கினாள். இரண்டு மில்லிமீட்டர், அளவு பிசகவில்லை. ஆனால் பார்த்தால் சந்து மாதிரி இல்லை. பல் விழுந்த ஓட்டை மாதிரி இருந்தது. கொஞ்சம் நெருக்கினாள். கை தன் பாட்டுக்கு நெருக்கிக்கொண்டே போய் மறுபடி ஒட்டவைத்துவிட்டது. மூன்று தடவை இதே கதை. நான்காம் தடவை விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். கோணலை ஒரு நிமிடம்கூடப் பொறுக்காத கைக்கு இந்த வேலை எதற்கு? நேராக அடுக்கினால் மெச்சுகிற பதிவேட்டு அறை மாடியிலேயே இருக்கிறதே.

"நான் பதிவேடு போட்டுட்டேன்" என்றாள் ரேடியோ, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்.

"திங்கக்கிழமை பல்செட்டுன்னே."

"திங்கக்கிழமை பசி. இன்னிக்குத் தெளிவு. அங்க வர்றவங்ககிட்டப் பேசிட்டே இருக்கலாம். பல்லுகிட்டப் பேசினா பதில் சொல்லுமா? நீயும் வா, பக்கத்துப் பக்கத்து சீட்டு."

வீட்டில் அப்பாவும் அதையேதான் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர்.

"உக்கார்ந்து பாக்கற வேலை, நிழல், ஃபேன். இதுக்கு மேல என்ன வேணும்? நான் நின்னுக்கிட்டே எத்தனை ஆயிரம் மாடி ஏறியிருப்பேன் சொல்லு. இன்னும் தரையிலதான் இருக்கேன்."

முடி திருத்தும் கடையில் வேலை செய்யும் அக்கா, தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பினாள். "அப்பா, அவளை விடுங்க. ஏய் ஸ்கேலு, முதல் மாசம் நான் ஒரு அம்மாவுக்கு முன்முடியை நேரா வெட்டறேன்னு வெட்டி, வெட்டி, நெத்தி முழுக்க வெளிய வந்துடுச்சு. அதுக்காக நான் வேலையை விட்டேனா?"

"அந்த அம்மா திரும்பி வந்தாங்களா?"

"வரல" என்றாள் அக்கா. "அவங்க வராட்டி போறாங்க. எனக்கு மறுநாளும் கத்திரியைத் தொடணும்னு இருந்துச்சு. உனக்கு இருக்கா, அதைச் சொல்லு."

இவள் அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கி, விளிம்பு பிசகாமல் அடுக்கில் வைத்தாள்.

வியாழக்கிழமை முழுவதும் ஒரு மயக்கத்தில் கழிந்தது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் மூடியின் விளிம்பில் ஓடும்போதெல்லாம், அடுத்த இருபது வருடம் அதில் ஓடிவிட்டதுபோல இருந்தது. ஒரு வெளிச்சத்தில் அவள் பதிவேட்டு அறையில் இருந்தாள்; அலமாரிகள் கூரை வரை போயின, எல்லாம் நேராக, எல்லாம் எண் வரிசையில், ஒரு கோப்பைக்கூட யாரும் கேட்டு வரவில்லை. அடுத்த வெளிச்சத்தில் பட்டறையில் இருந்தாள்; அவள் செய்த பற்களெல்லாம் ஊருக்குள் போய், தெருத்தெருவாக யார் யார் வாயிலோ பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் சில அவளைத் திட்டின. அந்தத் திட்டுகூடக் கேட்க இதமாக இருந்தது. "பாப்பா, ரெண்டு காப்பி கேட்டேன், பத்து எடுத்திருக்கே" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, அவள் கால்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த டிப்போவுக்குப் போயின. ஏன் போகிறோம் என்று கேட்டுக்கொண்டேதான் போனாள். பனி இன்னும் விலகவில்லை. சுவரோரம் வெள்ளை பஸ்கள் வரிசையாக நின்றன, நடுவில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டு. பல்வரிசைபோல என்று ஒரு நினைப்பு வந்தது. இது ரொம்ப மிகை என்று தானே அதைத் தள்ளிவிட்டாள். அந்த இடத்துக்குள் ஒரு பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. டிப்போ அக்கா வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் விசிலைத் துணிக்குள் விட்டு ஊதினாள்.

"என்னக்கா, ஸ்கூல் டிரில் மாஸ்டராயிட்டீங்களா?" என்றார் டிரைவர், தலையை வெளியே நீட்டி.

"உன் கண்ணாடியைப் பாத்து ஓட்டுடா!"

பஸ் நின்றது. அக்கா திரும்பி இவளைப் பார்த்தாள். "பல்லுக்காரி! சனிக்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"அக்கா, ஒண்ணு கேக்கணும். விழறதுக்கு முன்னால எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? சிரிக்கிற மாதிரி."

"என்னைச் சிரிக்க வச்சு யாரு போட்டோ எடுத்தா?" யோசித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை உருவினாள். "இதுல கொஞ்சம் பல்லு தெரியும். போட்டோ எடுத்தவன் ஏதோ உளறினான், சிரிச்சுட்டேன். கால் மணி நேரத்துல கொண்டு வந்துடு. இது இல்லாட்டி கேட்ல என்னையே யாருன்னு கேப்பான்."

ஓடினாள். கடைப்பூட்டைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல் இயந்திரத்தைக் கிளப்பி, அட்டையைக் கண்ணாடியில் வைத்தாள். நான்கு மடங்கு பெரிதாக்கி எடுத்தாள். தாள் சூடாக வெளியே வந்தது. தலை கொஞ்சம் சாய்ந்து, ஏதோ உளறலுக்குச் சிரிக்கிற ஒரு வாய். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பற்கள் நேராக இல்லை. அதுதான் விஷயம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து லேசாகத் திரும்பியிருந்தன, பக்கத்துப் பக்கத்து வாசலில் நின்று பேசுகிற இரண்டு பேர் மாதிரி. இடது பல் வலதைவிட ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. அதனால்தான் அந்தச் சந்து ஓட்டையாகத் தெரியவில்லை. இவள் நேரான இரண்டு பற்களை வைத்து, நடுவில் வெறும் இடைவெளியை வெட்டப் பார்த்திருக்கிறாள். கடையில் விற்பனைக்கு இருந்த ஒரு பாகைமானியை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள். இடது பல், ஆறு பாகை. வலது, நான்கு. எழுதிக்கொண்டாள். கோணலையும் அளக்கலாம் என்பது இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது கால் மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

மாலை ஐந்துக்குப் பட்டறையில் விளக்கை ஏற்றியபோது படிவம் பைக்குள் வெறுமையாக இருந்தது. முதலில் பல் என்று முடிவு செய்தாள். மெழுகு இளகியது. இடது பல்லைத் திருப்பினாள். கை வழக்கம்போல நேராக்கப் பார்த்தது. தாளைப் பார்த்து, மறுபடி ஆறு பாகைக்குக் கொண்டுவந்தாள். பிறகு வலது பல். பிறகு அந்த மயிரிழை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் மெழுகு இறுகி, ரோஜா நிற ஈறின் மேல், ஏதோ உளறலைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்குகிற வாய் ஒன்று இருந்தது. அது போஸ்டர் பெண்ணின் வாய் இல்லை.

"ஏய் ஸ்கேலு! அஞ்சே முக்கால். பெட்டியைப் பூட்டப் போறாங்க" என்று ரேடியோ ஓடி வந்தாள். மேசையைப் பார்த்து நின்றாள். "அய்ய, என்னடீ இது, கோணலா இருக்கு?"

"ஆமா" என்றாள் இவள். "அவங்களோடதுதான்."

"அப்ப பதிவேட்டுல என் பக்கத்து சீட்டு?"

"நீ பேசற பேச்சுக்கு ரெண்டு சீட்டும் உனக்கே வேணும்."

ரேடியோவுக்கு ஒரு நொடி முகம் வாடியது. பிறகு தன் பேனாவை நீட்டினாள். இவள் மெழுகு ஒட்டிய விரலால் படிவத்தைப் பிடித்து, முதல் கட்டத்தில் டிக் போட்டாள். தாளில் ரோஜா நிறத்தில் ஒரு கறை விழுந்தது. அதைச் சுரண்டப் போனவள், நேரமாகிவிட்டதால் அப்படியே பெட்டியில் போட்டாள்.

மார்ச் 14, வெள்ளி.
பல்செட் பட்டறை என்று கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சாப்பிட்ட பிறகு சொன்னேன். 'ம்' என்றார். சரியாகத்தான் முடிவு செய்தேனா என்று தெரியவில்லை. இந்த அளவில் விசில் வருமா என்பதும் தெரியவில்லை. போட்டோவில் சத்தம் கிடையாது. வராவிட்டால் அரை பாகை மாற்றிப் பார்க்க வேண்டும்.
நாளை: கடைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். டிப்போ அக்கா பத்து மணிக்கு வருகிறார். ஒன்பதரைக்குள் போய் ஸ்பிரிட் விளக்கின் திரியை மாற்றி வைக்க வேண்டும்.