கிளிமூக்கின் உள்பக்கம்

கிட்டார் ரிப்பேர்காரர் செய்த ஒரே தப்பு, கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்ததுதான்.

தலைப்பகுதி வளைந்திருப்பதால், பழைய கம்பெனி ஒன்றின் எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கிளிமூக்கு என்று பேர். நிஜப் பெயர் முதலாளிக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ. பதினோரு வருடத்தில் மூன்றே மாடல். முதலாவதில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதாகப் பன்னிரண்டு கம்பி கட்டினார்கள்; இழுப்புத் தாங்காமல் கழுத்து வளைந்தது, கம்பெனியும் படுத்துவிட்டது. மூன்றுக்கும் பொதுவான குறை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் செருகியதும் வண்டு மாதிரி இரையும்.

போன வாரம் ஓர் அம்மா இரண்டாம் மாடல் ஒன்றைக் கொண்டுவந்தார். "திருகெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. மேல்தட்டைக் கழட்டி வைங்க, போதும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கழற்றியபின் இவர் கை சும்மா இருக்குமா? உள்ளே பிக்கப் உட்காரும் பள்ளத்தில், இரைச்சலைத் தடுக்கும் கறுப்பு பெயின்ட்டை இரண்டு தடவை பூசி, தட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்.

இன்று அந்த அம்மா பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"இரைச்சல் சுத்தமா போயிடுச்சும்மா. கேக்கறீங்களா?"

"அப்புறம் கேக்கறேன். முதல்ல உள்ள பாக்கணும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில மரம் தேய்க்கிற வேலை. தட்டு மாட்டறதுக்கு முன்னாடி தேய்க்கிறவங்க பள்ளத்துல பென்சிலால ஏதாவது கிறுக்குவாங்களாம். எங்க பொண்ணு பொறந்த அன்னிக்கு இதுல எனக்குன்னு என்னமோ எழுதினார். என்னன்னு கேட்டா, கண்டுபிடிச்சுப் படிச்சுக்கோன்னு சிரிப்பார். கிட்டார் நம்பரை மட்டும் சொன்னார். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. தேடித் தேடி இப்பதான் கிடைச்சுது."

பள்ளத்தில் பென்சில் எழுத்து இருக்கத்தான் செய்தது. அளவுக் குறிப்பாக்கும் என்று நினைத்து, ரிப்பேர்காரர் அதன் மேலேயே பூசியிருந்தார்.

மறைத்துப் பிரயோஜனமில்லை. தட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரே கறுப்பு. அந்த அம்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பள்ளத்தின் நான்கு மூலையும் பார்த்தார்.

"சுரண்டினா வராதா?"

"மரத்துல ஊறிடுச்சும்மா. சுரண்டினா எழுத்தும் சேர்ந்து போயிடும்."

"நீங்க படிச்சீங்களா?"

ஒரு வார்த்தையாவது ஞாபகம் வருகிறதா என்று ரிப்பேர்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். பிரஷ் போய் வந்ததுதான் ஞாபகத்தில் இருந்தது. ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை.

"பாத்தேன்மா. படிக்கலை."

"எத்தனை வரி இருந்துது?"

"நாலு. கடைசி வரி இடம் பத்தாம ஓரத்துல ஏறிப் போயிருந்துது."

அந்த அம்மா பூதக்கண்ணாடியைச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு வரியா?" என்றார். "நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேச மாட்டாரே அந்த மனுஷன்."