சாய்தளத்துக்கு ஒரு சாட்சி

சலூன்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். முடிவெட்ட வந்து உட்கார்ந்தவர்கள் அவர் வீடு கட்டியிருக்கும் மனையின் பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? மனைவியின் அண்ணன் மட்டும் பேசினார். “அடியில பூராவும் பாறை, வாங்காதீங்க மாப்பிள்ளை” என்று மனை வாங்கும் முன்பே சொன்னார். அவர் வீடும் அதே தெருக்கோடியில்தான். அந்தக் கோபத்தில் இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது மனைவி இடுப்பெலும்பு உடைந்து சக்கர நாற்காலியில் இருந்தாள். வாசலில் செங்குத்தான படிகள். பாவம், அவளுக்கு ஜன்னலே கதி. நாற்காலியை உருட்டி இறக்க ஒரு சாய்தளம் கட்டலாமென்றால், வீட்டுக்கு முன்னால் விடவேண்டிய காலி இடத்தில் எதுவும் கட்டக்கூடாதென்று நகராட்சி விதி. சலூன்காரர் விலக்கு கேட்டு மனு போட்டார்.

விசாரணைக்குத் தெருக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். மச்சானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் மனைவியின் நிலைமையைச் சொல்லி உருகினார். நகராட்சிக் குழுத் தலைவியம்மா பொறுமையாகக் கேட்டார்.

“ஐயா, ஆளோட கஷ்டத்துக்கு விலக்கு தர எங்களுக்கு அதிகாரம் இல்ல. நிலத்தோட கஷ்டமா இருக்கணும். உங்க மனையில என்ன குறை?”

“குறையா? என் மனையிலயா?”

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. பிறகுதான் ஜன்னலும் அதில் தெரியும் முகமும் நினைவுக்கு வந்தன.

“பாறைங்க. பின்னாடி, பக்கத்துல, எங்கயும் தோண்ட முடியாது. முன்னாடி மட்டும்தான் வழி. மோசமான மனைங்க.”

அவமானம் பிடுங்கித் தின்றது.

“சாட்சி இருக்கா?”

மச்சான் எழுந்தார். ‘நான் அப்பவே சொன்னேன்’ இதோ வரப்போகிறதென்று சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“பாறைதாங்க. அஸ்திவாரம் தோண்டினப்ப தெருவே அதிர்ந்துச்சு. அதுமேல இவ்வளவு நல்ல வீடு கட்டினதே பெரிய விஷயம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விலக்கு கிடைத்தது. சாய்தளம் காய்ந்ததும் மனைவியை மெல்லத் தெருவில் இறக்கினார். எங்கே போகலாம் என்று கேட்டார். அவள் தெருக்கோடியைக் காட்டினாள்.

“நீங்க உள்ள வரவேண்டாம். அண்ணன் வாசல்ல விட்டுட்டு வந்துடுங்க.”

சலூன்காரர் நாற்காலியைத் தள்ளினார்.

“அங்கயும் படிதானே. நானும் மச்சானும் சேர்ந்துதான் தூக்கணும்” என்றார்.