மெல்லும் சத்தம்

எங்கள் வீட்டில் அப்பாவைப் போல வேகமாகச் சாப்பிட ஆள் கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு கத்துகிறார்களோ என்று, தட்டில் இருப்பதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு ஓடுவார். "பல்லு என்ன அழகுக்கா இருக்கு? மென்னு சாப்பிடுங்க" என்று அம்மா திட்டாத நாள் இல்லை.

பக்கவாதம் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சில் பாதி என்று எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் தொண்டையையும் கெடுத்துவிட்டுப் போனது. தாகம் என்றாரே என்று நாங்கள் கொடுத்த ஒரு மடக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது. காய்ச்சலில் கிடந்து, பிழைத்து வந்தார்.

விழுங்கப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் எங்களுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தாள். தண்ணீரில் அதற்கென்றே விற்கும் பொடியைக் கலந்து, கரண்டியிலிருந்து மெதுவாகச் சொட்டும் அளவுக்குக் கெட்டியாக்க வேண்டும். உணவை அரைத்துச் சல்லடையில் தேய்க்க வேண்டும். ஒரு திப்பிகூட இருக்கக் கூடாது. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, சின்ன ஸ்பூனில் கொடுக்க வேண்டும். தொண்டைமுடிச்சு ஏறி இறங்கின பிறகுதான் அடுத்த வாய். வாயில் உணவு இருக்கும்போது அவரைப் பேச வைக்கக் கூடாது.

அம்மா இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, மிக்ஸியே கதி என்று கிடந்தாள். கேரட், உருளைக்கிழங்கு, கோழி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்தாள். சேர்த்து அரைத்தால் சேறு மாதிரி இருக்கும், அதை மனுஷன் எப்படிச் சாப்பிடுவான் என்பாள். கேரட் விழுதை மறுபடியும் கேரட் மாதிரியே பிடித்துத் தட்டில் வைப்பாள். அவள் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் சொல்லாத ஒரு விதியை அவளே சேர்த்துக்கொண்டாள். "அவரு கண்ணு முன்னாடி நாம மெல்லக் கூடாதுடி. பாவம், மனசு அடிச்சுக்கும்" என்றாள். அப்பா பாவம்தானே என்று நானும் தலையாட்டினேன். அன்று முதல் நாங்கள் இருவரும் சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டோம். கதவைச் சாத்தி, வறுத்த வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்து, திருடர்கள் மாதிரி சாப்பிட்டோம். மொறுமொறுவென்று எதையும் வீட்டுக்கு வாங்கவில்லை.

அப்பாவுக்கு ஊட்டும்போது அம்மா வாயே திறக்க மாட்டாள். அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்கிற வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைப்பாள், அடுத்த ஸ்பூனை நீட்டுவாள். சில வாய் வாங்கிக்கொண்டு அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்.

நாளுக்கு நாள் இளைத்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. "இப்படியே எடை குறைஞ்சா வயித்துல ட்யூப் போட்டுத்தான் ஆகணும். அடுத்த தடவை வரும்போது முடிவு பண்ணிடலாம்" என்றாள் தெரபிஸ்ட். சிலருக்கு அதுதான் உயிரைக் காப்பாற்றும் என்றும் பக்குவமாகச் சொன்னாள். அப்பா இடது கையை மட்டும் ஆட்டினார். "வேணாம்" என்ற ஒரு சொல் அன்று அவரிடமிருந்து தெளிவாக வந்தது.

வேண்டாம் என்றால் சாப்பிட வேண்டும். சாப்பிடவும் மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? அம்மா உப்பைக் கூட்டிப் பார்த்தாள், மிளகு சேர்த்துப் பார்த்தாள், பூசணியை வெண்ணெயில் வதக்கி அரைத்துப் பார்த்தாள். எல்லாம் பாதியில் திரும்பி வந்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மதியமும் அவர் உதட்டை மூடிக்கொண்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்? அம்மா காலையிலேர்ந்து நின்னுகிட்டே இருக்கா. வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அப்பா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினார்.

"நீங்க... எங்க சாப்பிடுறீங்க?"

அம்மா சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒழுகுது... எனக்குத் தெரியும்." கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "பாக்க... அருவருப்பா இருக்கா?"

அம்மா அடிபட்டவள் போல எழுந்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஐயோ, இல்லைங்க" என்றாள். அவர் ஏங்குவார் என்று நாங்கள் ஒளிந்திருந்தோம். அவரோ, தன்னைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஓடுகிறோம் என்று ஒவ்வொரு வேளையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மா சமையலறைக்குப் போனாள். ரொட்டியை நன்றாகச் சிவக்க வாட்டி, நேற்றைய கோழித் துண்டுகளையும் தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு தட்டு. அப்பாவின் இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொட்டியைக் கடித்தாள். அந்த அமைதியில் அது அப்பளம் நொறுங்குவது போலக் கேட்டது. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்ற, அவள் நிறுத்தாமல் மென்றாள். நானும் மென்றேன்.

அப்பா எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏக்கம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஆனாலும் ஸ்பூனைத் தூக்கினார். இடது கைக்குப் பழக்கமில்லாமல், பாதி சட்டையில் விழுந்தது. மீதி வாய்க்குள் போனது.

அழுதுகொண்டே தின்றால் என்ன ஆகும்? அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. முகம் சிவந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் தண்ணீருக்கு எழுந்தேன். அப்பா ஸ்பூனைக் கீழே போட்டார். தாடையை இறக்கினார். தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியது. அதற்கப்புறம்தான் இடது கையை மேஜைக்கு மேலே எட்டி நீட்டி, அம்மாவின் உச்சந்தலையில் தட்டினார்.

"வேற யாரும் இல்ல" என்றார். "நான்தான்... நெனச்சேன்."

அம்மா இருமல் அடங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கீழே கிடந்த ஸ்பூனை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"நெனச்சது போதும், சாப்பிடுங்க" என்றாள்.

அப்பா சாப்பிட்டார்.