அண்ணன் காதுக்கு ஏற்றது

அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்கும் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். ஒரே அறையில் நான்கு கட்டில்கள். எதிர்க் கட்டில்காரருக்குக் காது மந்தம். அவர் டிவி பார்த்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

“இன்னும் மூணு வாரம் இங்க இருக்கணுமாம். அதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்,” என்றார் அண்ணன், பார்க்க வந்த தங்கையிடம். “காதுக்குள்ள வைக்கிற இயர்போன் ஒண்ணு வாங்கிட்டு வா. இருக்கிறதிலேயே நல்லதா வாங்கு. என் கார்டை எடுத்துக்கோ. ஆனா கிட்டாரோட மரம் மரமாக் கேக்கணும், கம்பி கம்பியாக் கேக்கணும். டமடமன்னு இடிக்கிறது வேண்டாம்.”

“உன் காதுக்கு நான் எப்படிண்ணா பாத்து வாங்குறது?”

“உன் காதும் என் காதும் ஒண்ணுதானே? அம்மா ரெண்டையும் ஒரே அளவாத்தான் திருகி வளர்த்தாங்க.”

அதில் பொய்யில்லை. அந்தக் குடும்பத்துக் காதுகள் வெளியே முறம் போல அகன்றிருக்கும், உள்ளே குறுகி வளைந்திருக்கும். அழுக்கெடுக்கும் டாக்டர்கள் அலுத்துக்கொள்ளும் காதுகள்.

தங்கைக்கு ஐம்பத்தாறு வயது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மறுநாள் மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு கண்ணாடிக் கடையின் மாடியிலிருந்த இயர்போன் கடைக்குப் போனாள். தரைவிரிப்பு போட்ட சின்ன அறை. கடையை நடத்தியவர், பல வருஷம் மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைத்த ஒரு நரைத்த பெண்மணி.

“உங்களுக்கு மனப்பாடமா இருக்கிற பாட்டு ஏதாவது போனில் இருக்கா?” என்று அவர் கேட்டார். “தெரியாத பாட்டுக்கு எல்லா இயர்போனும் நல்லாத்தான் இருக்கும். தெரிஞ்ச பாட்டுலதான் குட்டு வெளிப்படும்.”

தங்கையிடம் ஒன்று இருந்தது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டுச் சாமான் அறையில் மூன்று பேர் வாசித்துப் பதிவு செய்தது. அண்ணன் கிட்டார், அவள் வயலின், ‘மொட்டை’ என்ற அண்ணனுடைய நண்பர் டபுள் பாஸ், அதாவது ஆளுயர வயலின் போன்ற கனத்த குரல் வாத்தியம். பந்தயத்தில் தோற்றுத் தலையை மழித்ததால் அவருக்கு அந்தப் பெயர். பெயருக்கேற்ற தலை நிரந்தரமாக வாய்த்தது பிற்பாடுதான். குதித்துப் பழகும் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, துடைப்பக் கட்டையில் ஒரே ஒரு மைக்கைக் கட்டி, அண்ணனே அமைத்த ஆறு நிமிஷ இசையை வாசித்தார்கள். வானொலித் தேர்வுக்கு அனுப்ப வேண்டும். கடன் வாங்கிய டபுள் பாஸைச் சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். அதனால் இரண்டாம் தடவைக்கு வழியில்லை. வானொலியிலிருந்து மரியாதையான மறுப்புக் கடிதம் வந்தது.

நாலாவது நிமிஷத்தில் இசை ஒரு கணம் அறுந்து போயிருந்தது. “எங்க வாண்டு அந்த இடத்துல தூங்கிட்டா” என்பது குடும்பத்தின் நிரந்தர நகைச்சுவை ஆனது. அவள் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பதிவுக்குப் பிறகு ஒரு வருஷம் வாசித்திருப்பாள். அப்புறம் வேலை, குழந்தைகள். வயலின் உறையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் மொட்டை அந்த மூல நாடாவைத் தேடிப் பிடித்து, போனில் கேட்கும்படி மாற்றி அனுப்பியிருந்தார்.

முதல் வேலையாகக் காதில் செருகும் நுனியைத் தேர்ந்தெடுத்தார்கள். ரப்பர் நுனிகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. கடைசியில் மிகச் சிறிய பஞ்சு நுனிதான் உள்ளே போய் விரிந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

“இடைவெளி இருந்தா கீழ் ஸ்தாயி மொத்தமும் ஒழுகிடும்,” என்றார் கடைக்கார அம்மா.

“பல் செட்டும் அப்படித்தான். மயிரிழை விலகினாக்கூட மனுஷன் சாப்பிட மாட்டான்.”

முதல் இயர்போனில் வயலின், கத்தியால் தட்டைக் கீறுவதுபோல் கேட்டது. அதைக் கழற்றிவிட்டாள். இரண்டாவதில் எல்லாம் வழவழவென்று இனிமையாக இருந்தது, ஆனால் டபுள் பாஸ் மட்டும் பொம்மிக்கொண்டு வந்தது. “சொத்தைப் பல்லுக்குக் கன்னம் வீங்கின மாதிரி இருக்கு,” என்றாள். கடைக்கார அம்மா சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து பளபளப்பே இல்லாத ஒரு ஜோடியை எடுத்தார்.

“இது எதையும் கூட்டாது, எதையும் மறைக்காது. நிறைய பேருக்குப் பிடிக்கிறதில்லை.”

அவள் செருகிக்கொண்டாள்.

முதலில் மழை கேட்டது. அன்று மழை பெய்ததே மறந்துபோயிருந்தது. தகரக் கூரையில் மெல்லிய தூறல். மொட்டை மூக்கால் மூச்சுவிடுவது கேட்டது. அண்ணனின் விரல்கள் கம்பியில் வழுக்கும் கிறீச்சொலி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முனகல். ரப்பர் மெத்தையின் வாடைகூட மூக்கில் ஏறியது. இருபத்துமூன்று வயதில் தான் அணிந்திருந்த கட்டம் போட்ட சட்டை, ஒரு பொத்தான் அறுந்தது, நினைவுக்கு வந்தது. கடை, தரைவிரிப்பு, அரைநாள் விடுப்பு எல்லாம் எங்கோ போய்விட்டன.

நாலாவது நிமிஷம் வந்தது. கிட்டாரில் ஒரு தவறான கம்பி மெதுவாகத் தட்டுப்பட்டது. உடனே கிட்டார் நின்றுபோனது. வயலின் நிற்கவில்லை. இருந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளம் காத்திருந்தது. இன்னொரு தாளம். வில்லின் நீளம் தீர்ந்த பிறகுதான் அடங்கியது. மரத்தில் விரல் முட்டி இரண்டு தரம் தட்டியது. அண்ணனின் சைகை. மூவரும் மறுபடி தொடங்கினார்கள்.

வீட்டில் இத்தனை வருஷம் கேட்ட நகல் கேசட்டில் வயலின் அறுந்தது மட்டும்தான் கேட்கும்.

அவள் அந்த இடத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். பிறகு, “இதையே கொடுங்க,” என்றாள்.

அங்கிருந்து நேராக இல்லத்துக்குப் போனாள். அண்ணன் காதில் தானே செருகி, பதிவைப் போட்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, “அடடா, மழை” என்று முணுமுணுத்தார். நாலாவது நிமிஷத்தில் கண்ணைத் திறந்தார். ஒரு பக்கத்தைக் கழற்றினார்.

“நீ கேட்டியா?”

“மூணு தடவை.”

அண்ணன் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். “எனக்கு அன்னைக்கே தெரியும், வாண்டு.”

“தெரிஞ்சுமா?”

“அப்பா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு. இது சரியா வரலேன்னா கிட்டாரை மூட்டை கட்டிட்டு வேலைக்குப் போன்னு சொல்லியிருந்தாரு. முடிஞ்சதும் ‘யாருடா விட்டது’ன்னு கேட்டாரு. வாயில உன் பேரு வந்துடுச்சு. உன்னை யாரும் திட்ட மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

“திட்டல. சிரிச்சாங்க. முப்பத்து மூணு வருஷமாச் சிரிச்சாங்க.”

அவள் அங்கேயே நின்றுகொண்டு மொட்டைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். எதிர்க் கட்டில்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்வளவு காலமா?” என்றார் மொட்டை. “தாளம் எண்ணிக்கிட்டிருந்தவன் நான்தானே. உங்க அண்ணன் கோட்டை விட்டதும் தெரியும், நீ வில்லை எடுக்காம அவனுக்காகக் காத்திருந்ததும் தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அண்ணன் தங்கச்சி விஷயம். நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன்மா.”

அவளுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. போனை வைத்துவிட்டு, அண்ணன் காதிலிருந்த மறுபக்கத்தையும் கழற்றி, ஒயரைச் சுற்றிப் பெட்டியில் போட்டாள்.

“இது ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“டிவி பாரு.”



பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டாள். இம்முறை நாலாவது நிமிஷத்துக்காகக் காத்திருக்கவில்லை. வயலின் போன வழியெல்லாம் பின்னால் போனாள். வாசித்த அந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். இவ்வளவு நன்றாக வாசித்ததை அவளிடம் ஒருவருமே சொன்னதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை இயர்போனைத் திருப்பித் தரப் போனபோது, அண்ணன் கைத்தடியோடு வராந்தாவில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்த பயிற்சியாளரிடம், “இவதான் என் தங்கச்சி. சொன்னேனே, நான் சொதப்பினேன், இவ காத்திருந்தான்னு,” என்றார்.

பயிற்சியாளர் சிரித்தபடி அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். தங்கை பெட்டியை அண்ணன் மடியில் வைத்தாள்.

“முழுசாக் கேட்டியா?” என்றார் அண்ணன்.

“தினமும் கேட்டேன். நான் நல்லா வாசிச்சிருக்கேண்ணா.”

“ஆமா வாண்டு. என்னைவிட நல்லா.”

அவள் பெட்டியைத் திறந்து, ஒரு பக்கத்தை அண்ணன் காதிலும் மறுபக்கத்தைத் தன் காதிலும் செருகி, பதிவை முதலிலிருந்து போட்டாள்.