ரிலே செத்தா எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை ஒரு ஸ்க்ரூல இருந்து வந்துச்சு. நம்புங்க.

டெட்சா மலையில லாக்சன் ஒரு முட்டை பொரிக்கிற பெட்டி செஞ்சான். உள்ள ஒரு ரிலே. கரண்ட்ட ஒரு பக்கம் தள்ளினா ஹீட்டர், இன்னொரு பக்கம் தள்ளினா ஃபேன். முப்பத்தேழரை டிகிரியத் தாண்டினா சூட்ட அளக்கற கன்ட்ரோலர் ரிலேய இழுக்கும், ஹீட்டர் நின்னு ஃபேன் ஓடும். சூடு இறங்கினா விட்ரும், திரும்ப ஹீட்டர்.

(கன்ட்ரோலரே செத்துட்டா? ரிலே ஹீட்டர் பக்கம்தான் நிக்கும். லாக்சன் வேணும்னேதான் அப்படி மாட்டினான். டெட்சால முட்டை குளிர்லதான் சாகும். இங்க ஜூன்தான் கடுங்குளிர், அப்ப ஒரு வாரம் இருந்தீங்கன்னா நீங்களும் அப்படித்தான் மாட்டுவீங்க.)

2

ஆரம்பம் சரியா வரல.

"பனிக்குள்ள லாக்சன் சைக்கிள மிதிச்சுக்கிட்டு –" சினிமா மாதிரி இருக்கு. "எனிஃபா அக்கா அழுதுக்கிட்டே –" அவங்க அழவே இல்ல.

சரி, நேராவே சொல்றேன். பெட்டி எனிஃபா அக்கா வீட்டுல. உள்ள பதினோரு பொம்பளைங்களோட எம்பது முட்டை. ஒவ்வொருத்தரும் கரியால அடையாளம் போட்டிருக்காங்க: அக்காவுது வட்டம், டியாமிகேவோடது பெருக்கல் குறி. முட்டை போட்ட கோழிங்க எல்லாம் அடுத்த வாரமே சீக்குல போயிடுச்சு. தெருவுக்கே மிச்சம் இந்த எம்பதுதான். இன்னிக்குப் பதினெட்டாம் நாள். இன்னும் மூணு நாள்ல குஞ்சு.

3

பக்கத்து வீட்டுல சாவு. காலையில இருந்து கரண்ட் இல்ல. பிளான்டைர், லிலோங்வேன்னு டவுன்ல இருக்கற சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பணும், எல்லார் போனும் செத்துக் கெடக்கு. கன்ட்ரோலருக்குன்னு ஒரு கார் பேட்டரி இருக்கே! (கரண்ட் ஏறி இறங்கி ஏற்கெனவே ரெண்டு கன்ட்ரோலர் கருகினதால லாக்சன் அத மட்டும் பேட்டரியில விட்டிருந்தான்; ஹீட்டரும் ஃபேனும் லைன் கரண்ட்டுலதான். சார்ஜ் பண்றது சோலார் பலகை. ஆனா மூணு நாளா தூறல்.)

"அக்கா, என்னுதையும் சொருகு. ரெண்டு கோடு ஏறினாப் போதும்."

"உன் ரெண்டு கோடு தெரியாதா டியாமிகே? ஒண்ணு சாவு சொல்ல, ஒண்ணு மாமியாரத் திட்ட."

சாவு வீட்டுக்காரங்க கேட்டா இங்க யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. ஏழு போன், ஒரே பேட்டரியில. அப்புறம் எல்லாரும் அடக்கத்துக்குப் போயிட்டாங்க.

மதியம் கரண்ட் வந்துச்சு. வாரத்துல நாலு நாள் வராத கரண்ட், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் போகவே இல்ல.

4

லாக்சன் மூடியத் திறந்தப்ப நாப்பத்தாறு டிகிரி. ஒரு முட்டைய ஒடைச்சான். குஞ்சு முழுசா இருந்துச்சு. எறகு, அலகு, எல்லாம். கன்ட்ரோலர்ல வெளிச்சம் இல்ல. பேட்டரியத் தொட்டுப் பாக்கக்கூட இல்ல, அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. வயர அடுத்த ஸ்க்ரூல மாட்டியிருந்தா பேட்டரி செத்ததும் ஹீட்டர் நின்னிருக்கும். முட்டை கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அவ்ளோதான்.

(ஒரு டிராஃப்ட்டுல அவனக் குடிகாரனாக்கினேன். எழுத ஈஸியா இருந்துச்சு. ஆனா அவன் குடிக்கறதில்ல. கிழிச்சுட்டேன்.)

5

சாவுக்குக் கட்டின துணியோடவே பொம்பளைங்க பெட்டியச் சுத்தி நிக்கறாங்க.

முடிவு அ: லாக்சன் உண்மையச் சொல்றான். இனி இந்த மலையில ஒருத்தரும் அவன் பெட்டியில முட்டை வைக்க மாட்டாங்க.

முடிவு ஆ: அவன் பேசல. எனிஃபா அக்காவ –

எத்தனை தடவை எழுதினாலும் அக்காதான் முந்திக்கறாங்க. "நான்தான் போனச் சொருகினேன். தம்பிய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"பொசுக்கிட்டு பெருந்தன்மையப் பாரு," டியாமிகே காறித் துப்புறா. "இனிமே உன் வாசப்படிய எவ மிதிப்பா?"

மத்தவங்க அக்காவ விட்டு ஓரடி தள்ளி நிக்கறாங்க.

நீங்க வேணா முடிச்சுக்கங்க. முட்டைங்களுக்கு மட்டும் உயிர் குடுக்காதீங்க, நான் குடுத்துப் பாத்தேன், அசிங்கமா இருந்துச்சு. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஆனா சீக்கிரம். டியாமிகே இப்ப அவன் பக்கம் திரும்பிட்டா.

"ஏன் லாக்சன், அவ சொல்றது சரிதானா?"